உலையின் மீது போட்ட பழி

பனங்கொட்டை ஓட்டுக் கரியைப் பட்டர் பேப்பரில் கொட்டி எடைபோடும் முன் அண்ணாச்சி மின்விசிறியை நிறுத்திவிடுவார். தூத்துக்குடி வெக்கையில் எங்கள் சட்டை முதுகோடு ஒட்டும். கரி ஒரு துகள்கூடப் பறக்காது. கல்லூரி ஆய்வகத்தில் உலையைப் பார்த்துக்கொண்ட தற்காலிக உதவியாளர் அவர். நான் அங்கே லித்தியம்-கந்தக பேட்டரி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன்.

உடன்குடியிலிருந்து வரும் ஓடுகளைக் கரியாக்கி, அதன் நுண்துளைகளில் கந்தகத்தை நிரப்புவோம். பேட்டரி ஓடும்போது கந்தகம் லித்தியத்தோடு சேர்ந்து, கரையக்கூடிய பொருளாக மாறும். துளை குறுகலாக இருந்தால் அது உள்ளேயே தங்கும். அகன்றுவிட்டால் வெளியேறித் திரவத்தில் கலந்துவிடும், பேட்டரி செத்துப்போகும். துளைகளை உண்டாக்குவது, உலையில் வைக்குமுன் கரியோடு நாங்கள் கலக்கும் காரம். அது கூடினாலும், உலையின் சூடு கூடினாலும் துளை அகலும். கந்தகம் இன்னும் நிறையக் கொள்ளட்டும் என்று ஒருமுறை, யாரிடமும் சொல்லாமல், காரத்தை இரட்டிப்பாக்கினேன்.

அந்தக் கரியில் செய்த பேட்டரிகள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. பிரித்தால் உள்ளே, வெளியேறிக் கரைந்த கந்தகத்தின் செம்மஞ்சள் கறை. என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர், அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டார்.

“சூட்ட ஏத்திவிட்டுட்டு எங்க போனீங்க? துளையெல்லாம் அகண்டு கிடக்கு.”

“இல்ல ஐயா. சொன்ன சூட்டுலதான் நின்னுச்சு. நான் அங்கன இங்கன நவரல.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் உலையருகே அவரோடு இருந்தவன் நான். காரத்தின் அளவு என் குறிப்பேட்டில், என் கையெழுத்தில் இருந்தது. என் உதவித்தொகையை நீட்டிக்கும் கடிதத்தில் பேராசிரியர் கையெழுத்திட வேண்டிய வாரம் அது. நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன். மாதக் கடைசியோடு அண்ணாச்சியை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த முறை பழைய அளவுக்கே திரும்பினேன். பேட்டரிகள் ஒழுங்காக ஓடின. ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது பார் என்றார் பேராசிரியர். அதற்கும் தலையாட்டினேன். பட்டமும் வாங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து அவரைத் துறைமுகச் சாலையில் கண்டேன். நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார், விடாத இருமல். சாலையோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டார்.

“இத ஐயாட்ட சொல்லிட்டியளா?”

“இல்ல, அண்ணாச்சி.”

“அப்பம் எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?”

கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு அடுத்த லாரிக்குப் போனார்.

இப்போது அதே கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். பேராசிரியரின் அறை என் அறைக்குப் பக்கத்து அறை. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறேன்.