கையில் பேஜரோடு சாலையோரம்

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரருக்கு மலாக்கா விமான நிலையத்தில் விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றும் வேலை. அங்கே பேஜர், கைப்பேசி எதையும் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. தீப்பிடிக்கச் சின்னப் பொறி போதும் என்பார்.

அந்த விதியை எங்கள் ஊர் மெர்லிமாவ் பெட்ரோல் நிலையத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்றுமுன் பேஜரை என் கையில் திணித்து, "ரோட்டோரமா போய் நில்லு லா" என்பார். கல்யாணத்துக்குப் போகக் கட்டிய பட்டுப்புடவையோடும் வெயிலில் நிற்பேன். எரிச்சலாக வரும்.

"ஊர்ல வேற யாரும் இப்படிச் செய்யலையே."

"அவங்க யாரும் பிளேனுக்கு ஊத்தலையே."

ஊற்றி முடித்ததும் கை காட்டிக் கூப்பிடுவார்.

அவர் இறந்த பிறகும், மகள் காருக்கு எண்ணெய் ஊற்றும்போது கைப்பேசியோடு இறங்கிப் போய்ச் சாலையோரம் நிற்கிறேன். முடிந்ததும் அவள் ஹார்ன் அடிக்கிறாள். எனக்குக் கேட்காமல் இல்லை. கை காட்டிக் கூப்பிடட்டுமே என்று நிற்கிறேன்.