கடுவன் நாயின் எச்சில்

என் அப்பாவுடைய சித்தப்பா மகன் ஒருவர் தபால்காரராக இருந்தார். அவருடைய மகன் வயிற்றுப் பேத்திதான் இவள். எனக்கு மகள் முறை. வாய் நிறையப் பெரியப்பா என்பாள். கால்நடை மருத்துவக் கல்லூரியில், நாய்களை வைத்திருக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. வீட்டில் ‘எச்சில்காரி’ என்று பெயர் வைத்தது அவள் புருஷன். தையல்காரன்; வாயும் கத்தரிதான்.

“நாள் பூரா நாய் வாய்ல கைய விட்டுட்டு வந்து எனக்குச் சோறு போடுறியே, நான் என்ன பாவம் பண்ணேன்?”

“இப்படிச் சொல்லிக்கிட்டேதான் மூணாவது தடவை தட்ட நீட்டுறீங்க.”

பெட்டை நாய் எப்போது பருவத்துக்கு வருகிறது, எப்போது சேர்த்தால் சினை பிடிக்கும், பிடித்ததா இல்லையா, எல்லாம் முன்பு ரத்தம் எடுத்துத்தான் பார்ப்பார்கள். எச்சிலில் இருக்கும் புரதங்களை வைத்தே இது தெரியுமா என்று அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். பருவம் மாற மாற எச்சிலில் சில புரதம் கூடுமாம், சில குறையுமாம். காலையில் தீனி வைக்கும் முன், பஞ்சுத் திரியை நாயின் கடைவாயில் ஒதுக்கி, ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊறியதும் எடுத்துச் சின்னக் குழாயில் போட்டு ஐஸ் பெட்டியில் வைப்பது இவள் பொறுப்பு.

அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டை. ஊசியைக் கண்டாலே மூத்திரம் போய்விடும். மூலையில் சுருண்டுகொண்டு மறுநாள்வரை சாப்பிடாது. பஞ்சு வந்த பிறகு அதுவே வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இவளுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

ஒருநாள் பெரிய டாக்டர் வந்து சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு கடுவன் நாயின் எச்சிலையும் எடுத்து வந்தார்கள். அதில், பெட்டைக்குப் பருவத்தில் கூடுகிற புரதம் வந்திருந்தது.

“ஆம்பளைக்கு எப்பக் குட்டி பொறக்கும்னும் அந்த எச்சிலே சொல்லுமாம்மா?” என்றார் டாக்டரம்மாவிடம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இது சரிப்படாது. அடுத்த வாரத்துலேர்ந்து பழையபடி ரத்தமே எடுங்க.”

இவளால் சாம்பல் பெட்டையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அன்று தையல்காரன்கூடத் தன் தட்டைத் தானே கழுவினான்.

மறுநாள் விடியும்போதே டாக்டரம்மா வந்து நின்றார். “வழக்கமா என்ன செய்வியோ அப்படியே செய். நான் சும்மா பாக்குறேன்.”

இவள் வழக்கம்போல எல்லாக் கூண்டையும் திறந்துவிட்டாள். ராத்திரி முழுக்க அடைபட்டுக் கிடந்தவை கொஞ்சம் குலாவட்டும், குஷியில் எச்சிலும் நன்றாக ஊறும் என்பது அவள் நினைப்பு. கடுவன் நேரே போய்ச் சாம்பல் பெட்டையின் வாயை நக்கித் தீர்த்தது. அடுத்து இன்னொன்றின் வாய்.

“தினம் இப்படித்தானா?”

“ஆமா டாக்டரம்மா. ஒன்னுக்கொன்னு அவ்வளவு பாசம்...” சொல்லும்போதே இவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ஐயையோ! அப்ப நான் எடுத்துக் குடுத்தது அவன் எச்சில் இல்லியா?”

“அவனோடதும்தான். கூடவே ஊர் எச்சிலும்.” டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நானும் ஒருநாளாவது முன்னாடியே வந்து பாத்திருக்கணும்.”

பெரிய டாக்டரிடம் கொஞ்சம் தவணை கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பஞ்சு வைத்து முடித்த பிறகுதான் கூண்டு திறக்கும். கடுவன் கம்பியைப் பிறாண்டி ஊளையிட்டது. இவள் காதில் வாங்கவில்லை. தவணை முடிவதற்குள் கடுவன் எச்சிலில் பெட்டைப் புரதம் காணாமல் போனது. பெரிய டாக்டர் முடிவுகளை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “சரி, பஞ்சே இருக்கட்டும்” என்றார்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

“பெரியப்பா, ஊசி இல்லியாம்!”

பெற்ற மகளுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது போலக் குரல்.

“சாப்பிட்டியாம்மா?” என்றேன்.

“இப்பத்தான். மறுபடியும் பசிக்குது பெரியப்பா.”