தவளை போட்ட கண்ணாடி

அந்தத் தவளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். கிரைண்டிங் பிரிவில் வார்ப்புகளைத் தேய்க்கும்போது பொறி பறக்கும். அங்கே வேலை செய்தவர்களின் கண்ணுக்கு நான்தான் பொறுப்பு. கண்ணாடி போடுங்கள், போடுங்கள் என்று கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

"வேர்த்து ஊத்துது சார், ஒண்ணியும் தெர்ல" என்று கழற்றி வைத்துவிடுவார்கள்.

அப்போது டிவியில் சொருகி ஆடும் வீடியோ கேம் வீட்டுக்கு வீடு வந்திருந்தது. அதில் கண்ணாடி மாட்டிய ஒரு பச்சைத் தவளை. ஓடும், கார் ஓட்டும், கிரிக்கெட் ஆடும், குங்ஃபூ போடும். எந்த ஆட்டத்தில் இறக்கிவிட்டாலும் பொருந்திவிடும். பிள்ளைகளின் புத்தகப் பை, ஷேர் ஆட்டோவின் முதுகு, எங்கள் கேன்டீன் அக்காவின் டிபன் டப்பா, எங்கே திரும்பினாலும் அதுதான். மீசை நரைத்த ஃபிட்டர்கூட முந்தின நாள் தவளையை எந்தக் கட்டம்வரை கொண்டுபோனார் என்று சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசுவார். நான் பேசினால் கொட்டாவி விடுகிற அதே ஆள்!

சரி, தொலையட்டும் என்று தவளையின் பெரிய படம் ஒன்றை வாங்கி வந்தேன். 'நான் கண்ணாடி போட்டிருக்கிறேன், நீ?' என்று கீழே எழுதி, கிரைண்டிங் பிரிவின் வாசலில் ஒட்டினேன்.

மறுநாளே அத்தனை பேரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். நெற்றியில்!

"கண்ணு இன்னா நெத்தியிலயா இருக்கு?" என்று தினமும் கத்தினேன். சிரித்துக்கொண்டே இறக்குவார்கள். நான் நாலடி நகர்ந்ததும் மேலே ஏறிவிடும். வேண்டுமென்றே என்னைக் கேலி செய்கிறார்கள் என்று வயிறெரிந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊத்துக்கோட்டையிலிருந்து வரும் தொழிலாளி ஒருவரின் இடது கண்ணில் இரும்புத் துணுக்கு பாய்ந்துவிட்டது. அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம், ஆற்றமாட்டாமல், அங்கேயும் கத்தினேன்.

"எத்தனை தடவை சொன்னேன்! ஏன்யா நெத்தியில மாட்டின?"

அவருக்குக் கோபமே வரவில்லை. "நீங்க ஒட்ன தவள அப்டித்தான சார் போட்டுகினு கீது?"

ஆலைக்குத் திரும்பி வாசலில் நின்று பார்த்தேன். உருண்டைக் கண் இரண்டும் வெளியே தெரிய, நெற்றிக்கு மேலே கண்ணாடி. மூன்று மாதமாக அந்தப் படத்தைத் தாண்டித்தான் அவர்களைத் திட்ட உள்ளே போய்க்கொண்டிருந்தேன்.