ரம்பத்துக்குக் கட்டிய தகரம்

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய பட்டை ரம்பம் வந்து சேர்ந்தது. காஹாங்கில் மரம் அறுத்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கி வந்து, இனி இது இரும்பு அறுக்கும் என்று பட்டறையை மேய்த்த அதிகாரி உத்தரவு போட்டான். உத்தரவு போட்டால் ரம்பமும் கேட்கும் என்று நிஜமாகவே நம்பினான்.

கூடவே இரும்பறுக்கும் பிளேடு பத்து கொடுத்தான். பத்தும் தேய்ந்தால் நானும் என் கூட்டாளியும் சயாமுக்கு, தண்டவாளம் போட. அங்கே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து நான் அதுவரை பார்க்கவில்லை. வீட்டில் மனைவி ஏழு மாதம்.

முதல் வாரத்திலேயே ஆறு பிளேடு போயிற்று. கூட்டாளி ஜொகூர் பாரு வேதக்காரன், மாதா கோயில் தீர்த்தம் தெளித்தான். நான் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தேன். இரண்டு சாமிக்கும் பாரபட்சம் காட்டாமல் பிளேடு மழுங்கியது. சூடு தணியட்டும் என்று தேங்காயெண்ணெய் ஊற்றினோம். என் தலை எண்ணெய் கண்டு மாசக்கணக்கு, இந்தச் சனியனுக்கு அபிஷேகம்.

ஏழாவதைக் கழற்றியபோது பற்கள் நீலம் பாரித்துக் கிடந்தன.

"அண்ணே, இது மரத்துக்கு ஓடுற ஓட்டம். இந்த வேகத்துல இரும்பத் தொட்டா பல்லு வெந்துராதா?" என்றான் கூட்டாளி.

"அதத்தானே நேத்தே சொன்னேன்" என்றேன். சொல்லவில்லை. எதையும் முதலில் கண்டுபிடித்தது நானாக இருக்க வேண்டும் எனக்கு. அவனுக்கும் அதே வியாதி.

ரப்பர் உருட்டும் மெஷினின் பெரிய சக்கரங்களை இடையில் மாட்டி வேகத்தை இறக்கினோம். ரம்பம் சாதுவாக அறுத்தது. பிளேடு தேயவே இல்லை. ஆனால் சத்தம் குறைந்ததும் அதிகாரி ஓடிவந்து ஆளுக்கு ஓர் அறை விட்டான். நாங்கள் சோம்பேறிகளாம், "சப்பாட், சப்பாட்", சீக்கிரம் சீக்கிரம் என்று மலாயில் விரட்டினான். அறுத்துப் போட்ட இரும்பை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேகம் என்றால் அவன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

விழட்டும் என்று மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, எஞ்சின் சக்கரத்தில் அடிபடும்படி கட்டினேன். தடதடவென்று கூரையே அதிர்ந்தது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல். எட்டாவது பிளேடு ஒரு மாதம் உழைத்தது. தகரத்தைத்தான் மூன்று முறை மாற்றினோம்.

அப்புறம் ஒரு நாள் காலையில் வந்தான். ரம்பம் அருமையாம், சயாமில் தேவைப்படுகிறதாம். பழுது பார்த்தவனும் கூடப் போக வேண்டும், அது யார் என்று கேட்டான்.

"இவன்தான் துவான்" என்றேன்.

"ஐயோ, அண்ணன்தான் துவான். எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றான் அவன்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பெருமையை ஒருவருக்கொருவர் தூக்கிக் கொடுத்தோம். இவ்வளவு அடக்கமான வேலைக்காரர்களை எங்கும் பார்த்ததில்லை என்று உருகிப்போய், அதிகாரி இரண்டு பேரையும் எழுதிக்கொண்டான்.

ரயிலில் கூட்டாளி என் தோளை இடித்தான். "தகரம் உங்க யோசனைதானே அண்ணே? இப்பவாச்சும் ஒத்துக்குங்க."

"போடா, உன் யோசனைதான்."

நான் திரும்பி வந்தபோது என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். அவன் வரவில்லை. தகரம் என் யோசனைதான்.