ஆகாயத்தாமரைக்குள் போன கயிறு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மாலை 6.19-க்கு வந்த ஓர் அழைப்பை என் போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. கண்மாயின் பேரை மட்டும் சொல்ல மாட்டேன். ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம். இப்போது அங்கே குழந்தைகள் மிதி படகு ஓட்டுகிறார்கள்.

என் பேர் இஜாஸ். ஆகாயத்தாமரை அள்ளும் கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். பன்னிரண்டு நாளாக அள்ளினோம். சாயங்காலம் தண்ணீர் பளிச்சென்று தெரியும். காலையில் போனால், காற்று மிச்சச் செடியைத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி மூடி வைத்திருக்கும். அழுகையே வரும். ஒருநாள் ஆத்திரத்தில் எட்டி உதைத்தேன். செருப்பு சேற்றோடு போனதுதான் மிச்சம்.

படகு சவாரித் திறப்பு விழாவுக்கு முந்தின நாள். ஆட்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். 5.50-க்குப் படகுத்துறை ஓரமாக, செடி அள்ளும் மிதவை மெஷின் நின்றுவிட்டது. அடியில் சுழலும் விசிறியில் வேர் சுற்றிக்கொண்டது. சனியன் பிடித்த வேர்! தண்ணீருக்குள் இறங்கித்தான் அறுக்க வேண்டும். இறங்கியது பரீத். என் தங்கை சமீனாவின் மாப்பிள்ளை. அவளுக்கு ஏழாம் மாதம்.

செடிக்குக் கீழே மாட்டிக்கொண்டால் மேலே வர வழி தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வேர்தான். அதனால் இடுப்பில் கயிறு கட்டுவோம். மறுமுனை கரையில் ஒருவன் கையில் இருக்கும். உள்ளே இருப்பவன் மூன்று முறை சுண்டினால் உடனே வெளியே இழுக்க வேண்டும்.

பரீத்தை வேலைக்குச் சேர்த்த அன்றே சமீனா சொல்லியிருந்தாள். "அண்ணே, அவரு எறங்குனா கயித்த நீதான் பிடிக்கணும். வேற ஆளுகிட்டக் குடுக்காத. விட்டுறாத."

"விட மாட்டேம்மா" என்றேன்.

6.11. பரீத் இறங்கினார். தலை தெரிந்தது... மறைந்தது... தெரிந்தது.

6.19. போன். ஆபீசர்.

"இன்னும் பச்சையாவே இருக்காமே? காலைல பத்து மணிக்கு ரிப்பன் வெட்டணும்யா! பன்னெண்டு நாளா என்னத்தப் புடுங்குனீங்க?"

"இதத்தான் சார் புடுங்குறோம். அது மொளச்சுக்கிட்டே இருக்கு..."

அவர் கத்தினார். நானும் கத்தினேன். பத்து நிமிடம் அதிலேயே போயிருக்கும். கயிறு என் இடது கையில் இருந்தது. அது அசைந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று.

செடி காற்றில் ஆடுகிறது என்று நினைத்தேன். காற்றே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று.

போனைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. கனம். ஓர் ஆளின் கனம். மெஷின் பக்கம் பார்த்தேன். தலை தெரியவில்லை. "பரீத்! பரீத்!" காலைக் கரைப்படியில் ஊன்றி இழுத்தேன். செடிக்கூட்டம் புடைத்துக்கொண்டு என் பக்கமாக வந்தது. சளப்... சளப்...

"என்ன மச்சான்?"

பின்னாலிருந்து குரல்.

பரீத் நின்றார். சட்டை மாற்றியிருந்தார். கையில் இரண்டு டம்ளர் டீ.

"மாப்ள... நீங்க எப்ப ஏறுனீங்க?"

"அப்பவே. கயிறு வேர்ல சிக்கிருச்சு. அவுத்து விட்டுட்டுப் படகுத்துறை வழியா ஏறிட்டேன். கையாட்டுனேனே... நீங்க போன்ல கத்திக்கிட்டு இருந்தீங்க."

என் கையில் கயிறு விறைத்து நின்றது.

ஒன்று...

பரீத்தும் பார்த்தார்.

இரண்டு...

டீ டம்ளர் கீழே விழுந்தது. டங்.

மூன்று.

விட்டுவிட்டேன்.

நாற்பதடிக் கயிறு. அவசரமே இல்லாமல் ஊர்ந்து செடிக்குள் போனது. கடைசி முனையும் போய்விட்டது. ஒரு குமிழிகூட வரவில்லை.

6.31.

மறுநாள் காலை 5.40. பன்னிரண்டு நாளில் முதல்முறையாகக் கண்மாய் மூடவில்லை. தண்ணீர் அம்புட்டும் சுத்தம். நான் நின்ற படியோரம் மட்டும், ஆள் நீளத்துக்கு ஒரு செடித் திட்டு. படியின் மேல் எங்கள் கயிறு ஈரமாகக் கிடந்தது. முனையில் இடுப்பளவுக்கு ஒரு வளையம். முடிச்சு நன்றாக இறுகியிருந்தது.

"நான் போட்டது இல்ல மச்சான்" என்றார் பரீத். "நான்தான் அவுத்துட்டேனே..."

வாட்ச்மேன் வெள்ளைத்துரை வந்தார். கயிற்றைப் பார்த்ததும் தள்ளி நின்றுகொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

"போன வருச கான்ட்ராக்ட்ல கருத்தக்கண்ணன்னு ஒரு ஆளு. இதே எடத்துலதான் மெஷினுக்கு அடியில எறங்குனாரு. மறுநாத்தான் பொணமா எடுத்தாக."

"கயிறு கட்டலயா?"

"கட்டித்தான் எறங்குனாரு. பிடிச்சவன் போன் பேசிக்கிட்டு இருந்திருக்கான். மூணு தடவ சுண்டுனது தெரிஞ்சுச்சுன்னு அவனே அழுதுக்கிட்டுச் சொன்னான். செடி ஆடுதுன்னு நெனச்சானாம்."

என் போன் அடித்தது. சமீனா.

"நேத்து நல்லபடியா முடிஞ்சுச்சாண்ணே? கயித்த விடலைல?"

"விடலம்மா" என்றேன்.

பரீத் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.