சங்கச் சுவரில் மூன்றாவது பிள்ளை

சுண்ணாம்பு நீறும்போது ஒரு மணம் வரும்... சூடும் ஈரமும் கலந்த மணம். இன்றைக்கும் எங்கேயாவது அது வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் நாஞ்சில் நாட்டில் ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் கிளார்க். வடசேரியிலிருந்து காலை பஸ். இரண்டு பக்கமும் வயல், நடுவில் சங்கம், பக்கத்தில் உர குடோன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

ஜூலை வந்தால் எங்களுக்கு இரட்டை விசேஷம். முதல் சனிக்கிழமை சர்வதேசக் கூட்டுறவு தினம். பதினொன்றாம் தேதி உலக மக்கள் தொகை தினம். எங்கள் செக்ரட்டரி மகா சிக்கனம். ஒரே பந்தல், ஒரே மைக் செட். கூட்டுறவுக் கொடியையும் ஏற்றிவிடுவார், நர்சம்மாவை வைத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு உறுதிமொழியையும் முடித்துவிடுவார்.

பந்தலுக்குப் பின்னால் குடோன் சுவர். அதில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் படம். "இரண்டு அல்லது மூன்று போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஆயில் பெயின்டில் வரைந்தது. பிற்பாடு "இரண்டே போதும்" என்று மாறியதும், கடைசிப் பிள்ளையின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். அம்மாவின் கை மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது... எதையோ பிடித்திருக்கிற மாதிரி.

ஆயில் பெயின்டை வெறும் சுண்ணாம்பு மறைக்குமா? காய்ந்திருக்கும்போது வெள்ளையாக இருக்கும். மழையில் ஊறினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். முதலில் இரண்டு கால். அப்புறம் கவுன். அப்புறம் ஒரு சின்னக் கை.

முகம் மட்டும் வராது. அங்கே பூச்சு கனம்.

உரம் வாங்க வருகிற பெண்கள் அதற்கு "மழப்பிள்ள" என்று பேரே வைத்திருந்தார்கள். வருடா வருடம் விழாவுக்கு முந்தின நாள் மறுபடியும் சுண்ணாம்பு அடிப்போம்.

அந்த வருடம் என் வயிற்றில் மூன்றாவது. இரண்டு மாதம். மூத்தவன் ஒன்றாம் வகுப்பு, இளையவள் இன்னும் இடுப்பில். வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். கலைப்பதற்கு, விழாவுக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். "ஒனக்க இஷ்டம்" என்பதற்கு மேல் என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. வேறு யாருக்கும் தெரியாது.

பெயின்டர் தங்கப்பன் அண்ணாச்சி வாளியில் சுண்ணாம்பைக் கரைத்தார். நான் ஓடிப்போய் வாய்க்கால் கரையில் வாந்தி எடுத்தேன். அவர் பார்த்துவிட்டு வாளியைத் தள்ளி வைத்தார்.

விழாவன்று நல்ல மழை. நர்சம்மா உறுதிமொழி வாசிக்க, எல்லோரும் கையை நீட்டித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் சும்மா திரும்பிப் பார்த்தேன்.

கால் வந்திருந்தது. கவுன். கை.

பிறகு, முகமும் வந்தது.

சின்ன மூக்கு. ஒரு பக்கம் தூக்கின புருவம். எங்கள் வீட்டில் யார் சாயல் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை... உறுதிமொழி பாதியில் என் வாயிலேயே நின்றுவிட்டது.

கூட்டம் கலைந்ததும் செக்ரட்டரி, "வே தங்கப்பா, மழ விட்டதும் இன்னொரு கோட்டு அடியும்வே" என்றார்.

அண்ணாச்சி அசையவில்லை. "பத்து வருசமா அடிக்கேன் சாரே. மூஞ்சி ஒருநாளும் வந்ததில்ல. இனி என்னக்கொண்டு முடியாது."

என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ அத பாக்காத மக்கா. பஸ்ஸு வரும், போ."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முடிவு என்னுடையதுதான். தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வேலை நிரந்தரமாயிற்று, இரண்டு பிள்ளைகளையும் நன்றாகப் படிக்கவைத்தோம். ஆனால் அந்த முகம் ஞாபகம் வந்தால் பயமாக இருக்கிறது. பயத்தைவிட ஏக்கம்தான் அதிகம்.

இப்போது அந்தச் சுவரே இல்லை. ஜூலையில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிள்ளைகள் இல்லாமல் பாதி வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது. துபாயில் இருக்கிற என் மகள் ஒன்றே போதும் என்கிறாள்.

வீட்டுக்காரருக்கு இப்போது மறதி. பேர், தேதி எல்லாம் நழுவிப்போகிறது. அந்த ஜூலையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். "ஒங்களுக்கு பிள்ளிய எத்தன?"

"மூணு" என்றார் இவர், யோசிக்காமல்.

"எல்லாரும் எங்க இருக்காவ?"

"ரெண்டு பேரு கல்ஃப்ல. சின்னது எங்க கூடத்தான் வீட்டுல இருக்கு."

நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்தவில்லை.