சடுகுடுவுக்கு ஒரு ஜோடி

மூன்று வருஷங்களுக்கு முன்பு, கொச்சிச் சீமையின் கிழக்கு ஓரத்தில், வடகரப்பதிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு பிள்ளை படிப்பை விடுகிறது என்றாலே எனக்குப் பொறுக்காது.

நாலாம் வகுப்பில் புதிதாக ஒரு பையன் வந்தான். மாட்டுப்பட்டிப் பக்கம், மலை மேல் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா இறந்ததும் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊருக்கே வந்துவிட்டாள். தோட்டத்துப் பழக்கத்தில் அவன் 'என்னலே, வாலே' என்று பேசுவான். எங்கள் பிள்ளைகளுக்கு அது போதாதா?

"ஏலே மலைக்கொரங்கு, மரத்துல ஏறுலே!"

ஆரம்பித்து வைத்தவன் வகுப்பிலேயே பெரிய பையன். சடுகுடுவில் ஆள் பொறுக்குகிறவனும் அவன்தான். தலைமையாசிரியர் அவனைப் பிரம்பால் விளாசினார். அன்று சாயங்காலமே புதுப் பையனின் சிலேட்டு உடைந்தது.

மறுநாள் அவன் அம்மா வந்து நின்றாள். "தெனமும் அழுதுட்டு வாறானுங்க. மாடு மேய்க்க உட்டர்றனுங்க சார்."

ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அனுப்பினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வேறு வழி தோன்றாமல் வகுப்பையே கேட்டேன். ஒரு சின்னப் பெண் எழுந்தாள்.

"நீங்க அடிச்சா அவன் வெளிய போயி இவன அடிப்பானுங்க. இவன ஆட்டத்துல சேத்தச் சொல்லுங்க."

"அவன்தானே ஆள் பொறுக்குகிறான்?"

"அவனே ஏனுங்க பொறுக்கோணும்? ஜோடி ஜோடியாப் பேரு வெச்சுட்டு வரட்டுமுங்க."

எனக்கும் தெரிந்த வழக்கம்தான். இரண்டிரண்டு பேராகத் தள்ளிப் போய், ஆளுக்கொரு பேரை ரகசியமாக வைத்துக்கொண்டு வருவார்கள். யாருக்கு எந்தப் பேர் என்று தெரியாமலே தலைவன் ஒன்றைக் கேட்பான். அந்தப் பேருக்குரியவன் அவன் கட்சி, மற்றவன் எதிர்க்கட்சி.

"புதுசா வந்தவனுக்கு இவனே ஜோடி!" என்று ஒருவன் பெரிய பையனைக் காட்ட, வகுப்பே சிரித்தது.

"நான் வர்லீங்க" என்றான் பெரிய பையன். ஆட்ட நேரத்தில் போய் வேலியோரம் நின்றுகொண்டான். யாரும் கெஞ்சவில்லை. வேறொருவனைத் தலைவனாக்கி, புதுப் பையனை ஒரு கட்சியில் சேர்த்துக்கொண்டு ஆட்டம் நடந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு மேல் அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேர் வைக்கப் புதுப் பையனோடு ஒரு முழம் தள்ளியே நடந்து போனான். மற்ற ஜோடிகள் வந்தும் இவர்களைக் காணோம். அடிதடியோ என்று எழுந்தேன்.

"வரையாடு வேணுமா, காட்டெருமை வேணுமா?" என்று கத்திக்கொண்டே இருவரும் வந்தார்கள்.

தலைவன் விழித்தான். "வரையாடுன்னா என்றா?"

"பாறை மேல ஏறுற ஆடுடா. இவன் பக்கத்துல நின்னு பாத்திருக்கானாமா!" தானே பார்த்தது போலச் சொன்னான் பெரிய பையன்.

கேலி அன்றோடு நின்றுவிடவில்லை. ஆனால் அதில் விஷம் போய்விட்டது. நான் கேட்டிருந்த வாரம் கழிந்தும் பையன் வந்துகொண்டிருந்தான், இன்றும் படிக்கிறான். பிள்ளைகளின் வம்பை எப்படித் தீர்ப்பது என்று பெரியவர்கள் கூடி யோசிக்கும்போதெல்லாம், அந்தப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தோமா என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது.